நாற்பத்து மூன்று தடவை விழுந்த சுவிட்ச்

முதல் தடவை விழுந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை ஐந்தே முக்கால் மணி. குளியலறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்துச் சுவரில் இருந்த மின்பெட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஒன்றாக நின்றன. வீட்டுக்காரர் எழுந்துபோய் பெட்டியின் மூடியைத் திறந்து, கீழே விழுந்திருந்த பெரிய சுவிட்சை மேலே தள்ளினார். வெளிச்சம் வந்தது. அன்று மதியம் மறுபடி விழுந்தது. மறுநாள் மூன்று தடவை.

அவரைத் தெருவில் தராசுக்காரர் என்றுதான் சொல்வார்கள். கடைகளில் இருக்கும் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. முப்பத்தொரு வருடமாக வேறு எதையும் செய்ததில்லை. ஒரு மரப்பெட்டியில் பித்தளை எடைக்கற்களை வைத்திருப்பார். அவற்றை வெறும் கையால் தொடமாட்டார். விரல் வியர்வை ஒட்டினாலும் எடை மாறும் என்பதால் சின்னத் துணியால் பிடித்துத்தான் எடுப்பார். “தராசு சரியாத்தான் காட்டுது, சும்மா பார்த்துட்டுப் போங்க” என்று கடைக்காரர் சொன்னால் பதில் வராது. தட்டில் கல்லை வைத்து எண்ணைப் பார்ப்பார். கடைக்காரர் சொன்னது சரியாகவே இருந்தாலும், சரி என்று அவர் வாயிலிருந்து வராது. பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். நேர்மையானவர் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். அவரோடு பழகுவது சுலபம் என்று யாரும் சொன்னதில்லை.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறார். காலை ஆறேகாலுக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகள் இல்லை. பதினான்கு வருடமாக இருவர் மட்டும் இருந்த அந்த வீட்டுக்கு மூன்றாவதாக வந்தவள் தராசுக்காரரின் தங்கை. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கணவனோடு இனி ஒத்துவராது என்று முடிவானதும், இரண்டு பெட்டிகளோடும் ஒரு மோட்டார் தையல் மெஷினோடும் வந்தாள். அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். வரச் சொன்னது அண்ணன்தான். “வாடகை ரூம் எதுவும் பார்க்காத. இது உன் வீடு” என்று தொலைபேசியில் சொன்னார். யோசிக்காமல் வாக்குக் கொடுக்கிறவர் இல்லை அவர். அதனால் அவள் வந்தாள்.

அவள் வந்த ஒன்பதாவது நாள்தான் சுவிட்ச் முதல் முறை விழுந்தது.

நாட்களை எண்ணியவர் மனைவி. “நான் ஒண்ணும் சொல்லலங்க. பதினாலு வருஷத்துல ஒரு நாள் விழுந்திருக்கா இது? இப்ப விழுது. வீட்டுக்குப் புதுசா என்ன வந்திருக்குன்னு மட்டும் கேக்குறேன்.”

“புதுசா காலண்டரும்தான் வந்துச்சு. அதுவும் காரணமா?”

“காலண்டர் கரண்ட் இழுக்குமா? அவ மெஷின் பிளக்கைப் பிடுங்குறதே இல்ல. அந்த அயர்ன் பாக்ஸ் இருக்கே, அது ஒரு கொல்லன் உலை.”

இந்தப் பேச்சு சமையலறையில் நடந்தது. தங்கையின் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆனால் மெஷின் சத்தம் பாதியில் நின்றதை இருவரும் கவனித்தார்கள்.

அன்று மாலை தங்கை சொன்னாள்: “அண்ணா, பக்கத்துல எங்கயாவது ஒரு ரூம் பார்த்துக்கறேன். எனக்குக் கஷ்டம் இல்ல.”

“எதுக்கு? ஒரு சுவிட்ச் விழுறதுக்கா?” தராசுக்காரருக்குக் கோபம் வந்தது. “நான் கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது.”

அவர் ஏற்றுக்கொண்ட வேலை இதுதான். காரணத்தைக் கண்டுபிடித்தால் தங்கை இருப்பாள். முடியாவிட்டால் தொலைபேசியில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வெறும் பேச்சாகிவிடும்.

தராசைச் சோதிப்பது போலவே வீட்டையும் சோதித்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவர் முறை. இரண்டு திருகாணியை ஒரே நேரத்தில் தொடுகிறவன் எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை என்பார். பெட்டிக்குள் ஒரு பெரிய சுவிட்சும் ஆறு சின்ன சுவிட்சுகளும் இருந்தன. வீட்டில் எங்காவது மின்சாரம் கசிந்தால் பெரியது விழும். சின்னவை ஒவ்வொன்றும் ஒரு பகுதிக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையின் அறைக்கான சின்ன சுவிட்சை மட்டும் அணைத்தார். அறைக்குள் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தார், எரியவில்லை. மெஷின் ஓடவில்லை. அப்புறம் மனைவியிடம் ஹீட்டரைப் போடச் சொன்னார்.

நான்கு நிமிடம் கழிந்தது. டப்.

“பார்த்தியா?” அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை மனைவி பல வருடமாகக் கேட்டதில்லை. “அவ ரூமுக்கு ஒரு சொட்டுக் கரண்ட் போகல. அப்பவும் விழுந்துச்சா இல்லையா? ரூம்ல ஒண்ணும் இல்ல. முடிஞ்சுது.”

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, “சரி, ஒத்துக்கிட்டேன். அப்ப எதுனாலன்னு சொல்லுங்க” என்றார்.

தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. “அப்ப வேற எங்கண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு ஐந்து வாரம் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தராசுக்காரர் தங்கையின் அறைக்குள் ஒரு தடவைகூடத் தேடவில்லை. தேடவேண்டிய அவசியம் இல்லை என்று நிரூபித்தாகிவிட்டது அல்லவா! மற்ற எல்லா இடத்திலும் தேடினார். சமையலறைச் சுவிட்ச் பலகைகளைக் கழற்றித் தூசி தட்டினார். கூடத்து மின்விசிறியை இறக்கிப் பார்த்தார். ஒரு நோட்டில் விழுந்த நேரத்தையும் அப்போது ஓடிக்கொண்டிருந்தவற்றையும் குறித்தார். அதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி மூன்றும் ஒன்றாக ஓடியும் விழாது. மறுநாள் ஹீட்டர் மட்டும் ஓடும்போது விழும். ஒரு புதன்கிழமை முழுவதும் விழவில்லை. அன்று வீட்டில் எல்லாரும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்கள். வியாழக்கிழமை ஆறு தடவை விழுந்தது.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் “ஆயிடும் சார்” என்பதால் அவருக்கு அந்த வீட்டில் ‘ஆயிடும்’ என்றே பெயர். முதல் முறை வந்து, “சுவிட்சே வீக் சார், வயசாயிடுச்சு” என்று பெரிய சுவிட்சை மாற்றினார். புதியது பழையதைவிட வேகமாக விழுந்தது. இரண்டாவது முறை குளிர்சாதனப் பெட்டியின் முதுகில் கையை வைத்து, “இது மேலதான் எனக்கு டவுட்டு” என்றார். மூன்று நாள் அதன் பிளக்கைப் பிடுங்கி வைத்தார்கள். பால் திரிந்தது, காய்கறி வதங்கியது, சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாவது முறை ஹீட்டரைக் கழற்றி எடுத்துப் போனார். ஒன்பது நாள் மனைவி பச்சைத் தண்ணீரில் குளித்தார்.

“ரத்தம் எடுக்கும்போது என் கை நடுங்குதுங்க. நேத்து ஒரு பெரியவர், ‘ஏம்மா, உனக்கு ஜுரமா’ன்னு கேக்குறார்.”

“ஆயிடும்னு சொல்லியிருக்கான்.”

“எது ஆயிடும்? எனக்கு நிமோனியாவா?”

ஹீட்டர் ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தது. மாட்டிய அன்றே விழுந்தது.

விழும்போதெல்லாம் வீட்டில் ஒரு சின்ன அமைதி வந்தது. மின்விசிறி சுற்றி நிற்கும் வரைக்குமான அமைதி. அதற்குள் மனைவி எதுவும் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டார். தங்கை தன் அறையிலிருந்தே, “நான் எதுவும் போடலண்ணா” என்று குரல் கொடுக்கக் கற்றுக்கொண்டாள். சில சமயம் அவள் அப்போதுதான் அயர்ன் பாக்ஸைப் போட்டிருப்பாள். அப்போது, “நான்தான், இப்பதான் போட்டேன்” என்பாள். போகப்போக எல்லாரும் வேலைக்குப் போன பிறகே தேய்க்க ஆரம்பித்தாள். பிறகு தேய்க்க வேண்டியதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு தெருமுனை இஸ்திரிக் கடைக்குப் போனாள். அண்ணன் அதைப் பார்த்தார். நோட்டில் அதற்கு இடம் இல்லை.

நோட்டில் எண்ணிக்கை நாற்பத்தொன்றைத் தொட்ட வெள்ளிக்கிழமை, தங்கை சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “பட்டன் கடைக்குப் பின்னாடி ஒரு மாடி ரூம் பார்த்திருக்கேன். ஞாயித்துக்கிழமை போறேன்.”

“நாளைக்கு ஆயிடும் வர்றான்.”

“வரட்டும்.”

“நாளைக்குக் கண்டுபிடிச்சுட்டா?”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள். “கண்டுபிடி அண்ணா. யார் வேணாம்னாங்க?” என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆயிடும் வந்தார். மனைவிக்கு அன்று விடுமுறை. அதற்குள் இரண்டு தடவை விழுந்து எண்ணிக்கை நாற்பத்து மூன்றாகியிருந்தது. தராசுக்காரர் நோட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“இதைப் படிங்க. ஒவ்வொரு ரூமையும் தனித்தனியா அணைச்சுப் பார்த்துட்டேன். எதை அணைச்சாலும் விழுது. அப்படின்னா எல்லா ரூம்லயும் கோளாறா? இல்ல எந்த ரூம்லயும் இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

ஆயிடும் நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நேராக்கிக்கொண்டு, “சார், சின்ன சுவிட்சை அணைச்சா பேஸ் மட்டும்தானே கட் ஆகும். நியூட்ரல் எல்லாம் உள்ள ஒண்ணாத்தானே கட்டியிருக்கு” என்றார்.

“அப்படின்னா?”

“கரண்ட் வர்ற வயர் நிக்கும் சார். திரும்பிப் போற வயர் எப்பவும் சேர்ந்தேதான் இருக்கும். அது எங்கயாவது எர்த் வயரைத் தொட்டுட்டா, அந்த ரூமை அணைச்சாலும் விழும். வேற ரூம்ல ஹீட்டர் போட்டாலும் விழும்.”

தராசுக்காரர் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“இது எல்லாருக்கும் தெரியும் சார்.”

“அப்புறம் ஏன்யா இத்தனை நாள் சொல்லல?”

“நீங்க கேக்கலையே சார். அந்த ரூம் பார்த்தாச்சு, வேற இடத்துல பாருன்னு நீங்கதான சொன்னீங்க. கஸ்டமரே பார்த்துட்டேன்னு சொல்லும்போது நான் எப்படி…”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

எந்தக் கடைக்காரர் சொல்லையும் நம்பாத மனிதர் அவர். ஆனால் சுவிட்சை அணைத்தால் அறை முழுவதுமாகத் துண்டாகிவிடும் என்பதை ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பியிருந்தார். விளக்கு எரியவில்லை என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். அன்று அவருக்கு அந்த முடிவு வேண்டியிருந்தது. வேண்டிய விடை கையில் கிடைத்ததும் கல்லை இன்னொரு தடவை தட்டில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு வேலை ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. ஆயிடும் மெயினை நிறுத்திவிட்டு நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொரு தடவையும் மெயினைப் போட்டு, ஹீட்டரையும் சமையலறையில் அயர்ன் பாக்ஸையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கூடத்து வயரைக் கழற்றினார்கள், விழுந்தது. அயர்ன் பாக்ஸுக்கு வேறு இடத்திலிருந்து வயர் இழுத்துவிட்டு, சமையலறை வயரையும் கழற்றிப் பார்த்தார்கள், விழுந்தது. படுக்கையறை, விழுந்தது. நான்காவதாகக் கழற்றிய பிறகு ஹீட்டர் முழுச் சூட்டுக்கும் போய்த் தானே நின்றது. சுவிட்ச் அசையவில்லை.

“இது எந்த ரூம்?” என்று மனைவி கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

தராசுக்காரர் தங்கையின் அறைக் கதவைப் பார்த்தார்.

“அந்த ரூம்தான்” என்றார் மனைவி. அவர் குரலில் வெற்றி இல்லை. ஆனாலும், “நான் அப்பவே சொன்னேன்” என்பதையும் அவரால் விழுங்க முடியவில்லை.

ஆயிடும் தங்கையின் அறைக்குள் போனார். மெஷினை நகர்த்தி, சுவிட்ச் பலகையைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தார். அப்புறம் பலகைக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு மர அலமாரித் தட்டு. அதில் நூல்கண்டுகள் நிறம் நிறமாக அடுக்கியிருந்தன.

“இதை யார் சார் மாட்டினது?”

மாட்டியது தராசுக்காரர். தங்கை வந்த எட்டாவது நாள், அவள் நூல்கண்டுகளைத் தரையில் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, தானே மரம் வாங்கி, தானே மட்டம் பார்த்து, டிரில் மெஷினை இரவல் வாங்கி மாட்டினார். நான்கு திருகாணி. ஆயிடும் நூல்கண்டுகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவது திருகாணி வெளியே வந்தபோது அதன் நுனியில் செம்பு பளபளத்தது. சுவருக்குள் இருந்த பைப்பைத் துளைத்து, நியூட்ரல், எர்த் இரண்டு வயர்களின் தோலையும் கிழித்து, நடுவில் நின்றிருந்தது அது. மெஷின் அதிரும்போதும், தட்டில் நூல் கூடும்போதும் குறையும்போதும் நுனி மயிரிழை நகரும். சில நாள் தொடும். சில நாள் விலகும்.

“பேஸ் வயரைத் தொட்டிருந்தா ஆளையே அடிச்சிருக்கும் சார். நல்ல நேரம்.”

“வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க” என்றார் தராசுக்காரர். திருகாணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெறும் கையால்.

ஆக மனைவி சொன்னதில் அறை சரி, ஆள் தப்பு. அவர் சொன்னதில் ஆள் சரி, அறை தப்பு. இருவரும் ஐந்து வாரமாகப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழு உண்மை போலச் சண்டை போட்டிருந்தார்கள். இது தெளிவானதால் வீட்டில் யாருக்கும் நிம்மதி வரவில்லை.

மதியத்துக்குள் புது வயர் இழுத்தாயிற்று. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, துணி துவைக்கும் மெஷின், தையல் மெஷின் என்று வீட்டில் ஓடக்கூடிய எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டார்கள். பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுத் தராசுக்காரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சுவிட்ச் விழவில்லை.

எழுந்து தங்கையின் அறைக்குப் போனார். அவள் நூல்கண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சரியாயிடுச்சு. தப்பு என் மேலதான். உன் மேல ஒண்ணும் இல்ல. பையைக் கீழ வை.”

“என் மேல இல்லன்னு எனக்கு முதல்லயே தெரியும்ண்ணா.”

“அப்புறம் ஏன் போற?”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “ஒவ்வொரு தடவை டப்புன்னு விழும்போதும் நீங்க ரெண்டு பேரும் இந்தக் கதவைப் பார்ப்பீங்க.”

“நான் பார்க்கல. உங்க அண்ணி வேணும்னா…”

“நீதான் முதல்ல பார்ப்ப. அண்ணி என் மேல கோபத்துல பார்ப்பாங்க, எனக்குப் பதிலுக்குக் கோபப்படலாம். நீ என்னைக் காப்பாத்தப் பார்ப்ப. அதுக்கு நான் என்ன பண்றது? நாள் முழுக்க நான் நிரபராதின்னு நீ நிரூபிச்சுக்கிட்டே இருந்தா, நான் தைக்கறது எப்ப?”

வாசலில் மனைவி வந்து நின்றிருந்தார். கையில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, “நான் கரண்டைத்தான் சொன்னேன். உன்னைச் சொல்லல” என்றார்.

“தெரியும் அண்ணி. ஆனா கரண்டுக்குக் காது கேக்காது. எனக்குக் கேட்டுச்சு.”

மனைவி உள்ளே வந்து, கட்டிலில் சிதறியிருந்த நூல்கண்டுகளை எடுத்துப் பையில் போட ஆரம்பித்தார். “சிவப்பையும் மெரூனையும் ஒண்ணா போடலாமா?” என்று கேட்டார். “போடுங்க” என்றாள் தங்கை. அவர்கள் இருவரும் அந்த வீட்டில் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தராசுக்காரர் ஒரு வண்டி பிடித்து மெஷினை ஏற்றினார். பட்டன் கடைக்குப் பின்னால் குறுகலான படிக்கட்டு. வண்டிக்காரரும் அவரும் மெஷினைத் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார்கள். அறையில் ஒரு ஜன்னல், ஒரு கட்டில், மூலையில் ஒரு கை கழுவும் தொட்டி. சுவரில் ஒரே ஒரு சுவிட்ச் பலகை. அதன் ஓரத்தில் கரி படிந்திருந்தது. அவர் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை எடுத்தது.

“அண்ணா.”

“சும்மா ஒரு தடவை…”

“உள்ள வை.”

உள்ளே வைத்தார். அவள் மெஷினை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய திரைச்சீலையைப் பிரித்து விரித்தாள். நீலத்துணி, பதினோரு முழம் இருக்கும். அயர்ன் பாக்ஸின் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டாள். அவர் விளக்கை அண்ணாந்து பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணை இறக்கியபோது தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிளம்புண்ணா. அண்ணி சாப்பிடாம இருப்பாங்க.”

“ஏதாவது வேணும்னா போன் பண்ணு.”

“பண்றேன்.”

படியிறங்கி, பாதியில் நின்றார். மேலே துணியைத் தேய்க்கும் சத்தம். அப்புறம் மெஷின் ஓட ஆரம்பித்தது. நீளமான தையல். நிற்கும், துணி திரும்பும், மறுபடி ஓடும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே பட்டன் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன சார், ஏதாவது மறந்துட்டீங்களா?” என்றார்.

“இல்ல” என்றார் தராசுக்காரர். மேலே மெஷின் நிற்காமல் ஓடியது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மீதிப் படிகளை இறங்கினார்.